லேப்ரடாரின் பசி



கால்நடை மருத்துவர்களான எங்களிடம் வருகிறவர்கள் அதிகமாகச் சொல்லும் புகார், "டாக்டர், சரியாவே சாப்பிட மாட்டேங்குது" என்பதுதான். பொமரேனியன் வைத்திருப்பவர் சொல்வார், டேஷண்ட் வைத்திருப்பவர் சொல்வார். லேப்ரடார் வைத்திருப்பவர் மட்டும் சொல்ல மாட்டார். அவர் சொன்னால் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். லேப் ஒருவேளை தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றாலே, காய்ச்சல் இருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, உண்ணி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு நாயின் குணம் வேறு, ஆரோக்கியம் வேறு என்று பிரித்துப் பேசுவதுதான் வழக்கம். லேப்ரடார் விஷயத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. அது சொன்ன பேச்சைக் கேட்பதற்கும், பத்து வயதில் எழுந்து நிற்க முடியாமல் தடுமாறுவதற்கும் பல வீடுகளில் காரணம் ஒன்றேதான். அதன் பசி.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே காட் மீன் பிடிக்கிறவர்களின் படகுகளில் செயின்ட் ஜான்ஸ் நாய் என்று ஒரு கறுப்பு நாய் இருந்தது. குட்டையான, அடர்ந்த ரோமம். மார்பில் வெள்ளைத் திட்டு. தூண்டிலிலிருந்து நழுவிய மீனை உறையவைக்கும் தண்ணீரில் குதித்துக் கவ்விக்கொண்டு வரும். வலைக் கயிற்றை வாயில் பிடித்துக் கரைக்கு நீந்தும். மீன் ஏற்றிய கப்பல்களோடு அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தது. மாம்ஸ்பரி பிரபுக்கள் அதைப் பார்த்து, வாத்து வேட்டைக்கு ஆகும் என்று வாங்கி வளர்த்தார்கள். 1880களில் அவர்களிடமிருந்து ஸ்காட்லாந்தின் பக்லூ பிரபு குடும்பத்துக்குச் சில நாய்கள் போயின. ஏவன், நெட் என்று அவற்றில் இரண்டின் பெயர் இன்றும் வம்சாவளிப் புத்தகங்களில் இருக்கிறது. 1899இல் பென் ஆஃப் ஹைட் என்று ஒரு மஞ்சள் குட்டி பிறந்தது. பதிவில் உள்ள முதல் மஞ்சள் லேப்ரடார் அதுதான். 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. சொந்தத் தீவில் இருந்த மூலநாய் மெல்ல மெல்லக் குறைந்து, 1980களில் அடியோடு அற்றுப்போனது.

அந்தப் படகு வாழ்க்கையின் அடையாளம் உங்கள் வீட்டு வராந்தாவில் படுத்திருக்கும் லேப்பின் உடம்பிலேயே இருக்கிறது. கால் விரல்களை விரித்துப் பாருங்கள், நடுவில் சவ்வு தெரியும். வால் அடியில் பருத்து நுனியில் குறுகும். நீந்தும்போது திசை திருப்ப அது உதவுகிறது. ரோமம் இரண்டு அடுக்கு. மேலடுக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், குளிப்பாட்டும்போது முதல் இரண்டு செம்பு தண்ணீர் தோலைத் தொடாமலே வழிந்துவிடும்.

குணமும் அங்கிருந்து வந்ததுதான். சின்னப் படகில் நாலு பேரோடும் வேறு நாய்களோடும் சண்டை போடாமல் இருக்க வேண்டும். வேட்டைக்காரர் பக்கத்தில் மணிக்கணக்கில் சத்தம் போடாமல் காத்திருக்க வேண்டும். சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் தூக்கி வந்து கையில் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஏற்றதைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். ஆளைப் பார்த்தால் நம்பும், கூட்டத்தில் கலங்காது, எதையாவது வாயில் வைத்துக்கொண்டே இருக்கும், கொடுத்ததை நன்றியோடு வாங்கித் தின்னும். இப்படிப்பட்ட நாயை வீட்டுக் காவலுக்கென்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நாயைப் பார்த்தும்தான். திருடன் வந்தால் உருவத்தைப் பார்த்து ஓடினால் உண்டு. நின்று ஒரு பிஸ்கட்டை நீட்டினான் என்றால், லேப் அவனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும். காவல்தான் நோக்கம் என்றால் ராஜபாளையமோ கோம்பையோ இருக்கின்றன. லேப்பைக் கேட்டில் கட்டிப்போட்டு "குரைக்கவே மாட்டேங்குது" என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

காவலுக்கு உதவாத அதே குணம்தான் மோப்ப வேலைக்கு உதவுகிறது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் காவல்துறையின் கையில் நிற்கும் நாய் பெரும்பாலும் லேப்பாக இருப்பது தற்செயல் இல்லை. ஆயிரம் பேர் கடந்து போகும் இடத்தில் யாரையும் கடிக்காது. பெட்டியை மோந்து பார்த்துவிட்டு அமைதியாக உட்கார்ந்து சைகை காட்டும். சைகை காட்டினால் பந்து கிடைக்கும், இல்லையென்றால் தின்பண்டம். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களிலும் உலகெங்கும் முன்னால் நிற்பது இந்த இனமே. தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைப் பழக்குவது எளிது.

2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலனோர் ராஃபன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் லேப்ரடார்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் "போதும்" என்று மூளைக்குச் செய்தி போக வேண்டும் இல்லையா? அந்தச் செய்திக்கு வேண்டிய பொருள்களை உண்டாக்கும் பிஓஎம்சி என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருந்தன. எல்லா லேப்பிலும் அல்ல. ஏறத்தாழ நாலில் ஒன்றில். அந்த மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தாலே எடை சராசரியாக 2 கிலோ கூடியிருந்தது. உதவி நாய்களாகப் பயிற்சி பெற்ற லேப்களின் ஒரு கூட்டத்தையும் பார்த்தார்கள். அவற்றில் இந்தக் குறை நாலில் மூன்றில் இருந்தது. புத்திசாலி நாய்களைப் பொறுக்குவதாக நினைத்துக்கொண்டு, பசி அடங்காத நாய்களைப் பொறுக்கியிருக்க வாய்ப்பு உண்டு.

2024இல் அதே குழு இன்னொரு சோதனை செய்தது. வயிறார உணவு கொடுத்து, மூன்று மணி நேரம் கழித்து, உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெட்டியில் இறைச்சித் துண்டை வைத்து மூடிவிட்டார்கள். மோந்து பார்க்கலாம், தின்ன முடியாது. மரபணுக் குறை உள்ள நாய்கள் அந்தப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. கவிழ்க்கப் பார்த்தன, பிறாண்டின, முயன்றுகொண்டே இருந்தன. அதைவிட வேடிக்கை என்னவென்றால், அளவில்லாமல் கொடுத்தபோது அவை மற்ற நாய்களைவிட அதிகம் தின்னவில்லை. வயிறு நிறைவது நிறைகிறது. அடுத்த பசிதான் சீக்கிரம் வருகிறது. போதாக்குறைக்கு, சும்மா படுத்திருக்கும்போது அவற்றின் உடம்பு செலவழிக்கும் சக்தி 25 சதவீதம் குறைவு. பசி அதிகம், செலவு கம்மி. "நான் கொஞ்சம்தான் வைக்கிறேன், அப்படியும் குண்டாகுது" என்று சொல்லும் அம்மாக்களை நாங்கள் சந்தேகத்தோடு பார்த்ததுண்டு. அவர்களில் சிலர் சொன்னது முழு உண்மையாக இருக்கலாம்.

சரி, குண்டாக இருந்தால் என்ன, அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்தார்கள். சோடியில் ஒன்றுக்கு வழக்கமான அளவு, மற்றொன்றுக்கு அதைவிட 25 சதவீதம் குறைவு. தின்னும் தீனி ஒன்றே, அளவு மட்டும் வேறு. வாழ்நாள் முழுக்க இப்படியே. 2002இல் முடிவு வெளியானது. வழக்கமான அளவு தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பல ஆண்டுகள் தள்ளி வந்தது. இத்தனை ஆண்டு சேர்த்துத் தரும் மருந்து எதுவும் எங்கள் அலமாரியில் இல்லை.

உங்கள் நாய் குண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள எடை மெஷின்கூட வேண்டாம். வானொலியைக் கேட்டுக்கொண்டே செய்யலாம். இடது கையை நீட்டி, விரல்களை விரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களால் இடது புறங்கையை மெல்லத் தடவுங்கள். எலும்புகள் தெரிகின்றன, ஆனால் உறுத்தவில்லை. இப்போது இடது கையை முஷ்டியாக மடக்கி, கணுக்களின் மேல் தடவுங்கள். எலும்பு துருத்துகிறது. கடைசியாக, கையை விரித்து, உள்ளங்கையில் விரல்களின் அடிப்பகுதியைத் தடவுங்கள். எலும்பு இருக்கிறது என்று தெரியும், ஆனால் அழுத்தினால்தான். இப்போது நாயின் விலாவில் கை வையுங்கள். புறங்கை போல இருந்தால் சரியான எடை. முஷ்டி போல என்றால் மெலிவு. உள்ளங்கை போல என்றால் குண்டு. அழுத்தியும் விலா தட்டுப்படவில்லை என்றால், நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். வளர்ந்த ஆண் லேப் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ இருக்கலாம். நம் ஊர்களில் 45 கிலோ லேப்பைப் பார்த்து "என்ன கம்பீரம்!" என்கிறோம்.

அந்தக் கூடுதல் கிலோ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில் இருந்து அல்ல. காலையில் அப்பா டீ குடிக்கும்போது இரண்டு பிஸ்கட். பாட்டி சப்பாத்திக்கு நெய் தடவும்போது ஒரு விள்ளல். பிள்ளை பள்ளிவிட்டு வந்து பிரித்த சிப்ஸ் பொட்டலத்தில் பாதி. ராத்திரி மிஞ்சிய தயிர்சாதம், வீணாக்க மனசு வராமல். ஒவ்வொருவரும் கொடுத்தது கொஞ்சம்தான். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. நான் சொல்லும் வழி இதுதான். காலையிலேயே அன்றைக்கு உண்டான தீனி முழுவதையும் அளந்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் எது கொடுப்பதானாலும் அதிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். பாட்டிக்கும் மனக்குறை இல்லை, கொடுத்த மாதிரியும் ஆயிற்று. நாய்க்கு வேண்டியது கை நீளுவது. நீண்ட கையில் இருப்பது நெய் விள்ளலா தீனி மணியா என்று லேப் ஆராய்ச்சி செய்வதில்லை. வெள்ளரிக்காய்த் துண்டும் கேரட்டும் கொடுத்தாலும் அதே சந்தோஷத்தோடு கடிக்கும்.

கொடுக்கவே கூடாதவை சில உண்டு. திராட்சை, அதிலும் உலர் திராட்சை. பாயசமும் கேசரியும் மிஞ்சினால் நாய்க்குப் போகக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெங்காயம், பூண்டு ரத்த அணுக்களை உடைக்கும். சாக்லேட் வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். அப்புறம் மாங்கொட்டை. கோடை வந்தால் அறுவை சிகிச்சை மேசைக்கு வரும் லேப்களில் மாங்கொட்டை விழுங்கியது ஒன்றாவது இருக்கும். கொட்டை குடலில் போய் அடைத்துக்கொள்ளும். வாந்தி எடுக்கும், தண்ணீர்கூடத் தங்காது. எக்ஸ்ரேயில் சமயத்தில் தெளிவாகத் தெரியவும் செய்யாது, ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் "மாம்பழம் சாப்பிட்டோம், ஒரு கொட்டையைக் காணோம்" என்று நீங்கள் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சாக்ஸ், சோளக்கட்டை எல்லாம் இதே கணக்குதான்.

இனி மூட்டு. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாக அமையாமல் போகும் குறை பரம்பரையாக வருகிறது. தொடை எலும்பின் குமிழ், கிண்ணத்தில் கச்சிதமாக உட்காராமல் ஆடும். ஆடி ஆடித் தேயும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் போலத் தாவும் குட்டியைக் கண்டால் சிரிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவியில் வருவது பாதி என்றால், வளர்ப்பில் வருவது மீதி. நார்வேயில் லேப்ரடார் உள்பட நாலு பெரிய இனங்களை வைத்து நடந்த ஆய்வு, மூன்று மாதத்துக்குள் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் குறை அதிகம் வந்ததாகவும், மண்ணிலும் புல்லிலும் ஓடியாடிய குட்டிகளுக்குக் குறைவாக வந்ததாகவும் சொல்கிறது. நம் வீடுகளில் தரையெல்லாம் பளபள டைல்ஸ். குட்டி ஓடும், நாலு காலும் நாலு பக்கம் வழுக்கும், நாம் போனில் படம் எடுப்போம். அது படுக்கும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலும் பழைய கோணிச் சாக்கு ஒன்றை விரித்தாலே போதும்.

சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காது தொங்குவதால் உள்ளே காற்றோட்டம் இல்லை. குளிப்பாட்டினால் காதைத் துடைத்து உலர்த்துங்கள், வாரம் ஒருமுறை தூக்கி மோந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் அது பூஞ்சை. உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். எர்லிக்கியா, பபீசியா என்று அது கொண்டுவரும் காய்ச்சல்கள் ரத்தத்தையே உறிஞ்சிவிடும். விரல் இடுக்கும் காது மடிப்பும்தான் அது ஒளியும் இடங்கள். சாக்லேட் நிறக் குட்டிக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். பிரிட்டனில் லேப்ரடார்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில் அந்த நிற நாய்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டு, கறுப்புக்கும் மஞ்சளுக்கும் 12.1 ஆண்டு. காது, தோல் தொல்லைகளும் சாக்லேட்டுக்கே அதிகம். நிறத்துக்காக மட்டுமே இணை சேர்த்ததன் பலனாக அது இருக்கலாம் என்கிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

வெயிலைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். பனிக்கடலில் குதிப்பதற்கு உருவான உடம்பு இது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதுவும் பலிக்காது. அதனால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் மே மாதம் லேப்புக்குக் கொடுமை. குண்டு லேப் என்றால் கேட்கவே வேண்டாம். நடத்திக் கூட்டிப்போவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு செங்கல் சிவப்பாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறியைப் போட்டு, உடனே கிளம்புங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். கோடைக்கு மொட்டை அடிக்கிறேன் என்று ரோமத்தை மழிப்பதும் வேண்டாம். அந்த அடுக்கு வெயிலையும் தடுக்கிறது.

வயதான லேப்களுக்கு இதோடு இன்னொரு தொல்லை சேரும். குரல்வளையின் நரம்பு தளர்ந்து, மூச்சுப்பாதை முழுசாகத் திறக்காமல் போகும். முதல் அறிகுறி குரல் மாறுவது. கணீரென்று குரைத்த நாய் கரகரவென்று குரைக்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வெயில் நாளில் அதுவே மூச்சை நிறுத்திவிடும். பத்து வயதுக்கு மேல் குரல் மாறினால் காட்டிவிடுங்கள்.

குழந்தைகளோடு எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். மிக நன்றாக இருக்கும், ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. தின்னும்போது தட்டில் கை வைத்தால், தூங்கும்போது மேலே விழுந்தால், எந்த நாயும் ஒரு நாள் உறுமும். சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விட்டு அறையை விட்டுப் போகக் கூடாது. லேப்பிடம் கடியைவிட அதிகம் நடப்பது மோதல்தான். முப்பது கிலோ அன்பு ஓடிவந்து மேலே பாய்ந்தால் மூன்று வயதுப் பிள்ளை மல்லாந்து விழும். அதுவும் முதல் இரண்டு வருடம் அது வளர்ந்த உடம்பில் இருக்கும் குட்டி. செருப்பு, ரிமோட், சோபாவின் மூலை என்று எதையும் விடாது. அந்த வயதில்தான் பலர் சலித்துப்போய்ச் சங்கிலியில் கட்டுகிறார்கள், அல்லது வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். தெருவில் நிற்கும் சாதி நாய்களில் லேப்கள் இத்தனை இருப்பதற்கு அந்த இரண்டு வருடங்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். நாளெல்லாம் வீடு பூட்டியிருக்கும் குடும்பங்கள் இந்த நாயை வாங்காமல் இருப்பது நல்லது. தனிமை அதற்கு ஒத்துவராது.

வாங்கத்தான் போகிறோம் என்கிறவர்களுக்கு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அது தரும் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைச் சொல்லும், இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அதனால் தாயின், தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் பலர் விழிப்பார்கள், பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காக எடுத்து வைப்பார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். குட்டியைக் கொஞ்சுவதற்கு முன் தாயைப் பாருங்கள். புதிய ஆளிடம் வாலாட்டி வருகிறதா, ஒதுங்கிப் போகிறதா, எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா, விலா கைக்குப் படுகிறதா என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும். "தாய் இங்கே இல்லீங்க, ஊர்ல இருக்கு, போட்டோ அனுப்புறேன்" என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.